ரேஸ் ஆயில் தெருவுக்கு வந்த கதை: பழைய வி8 இன்ஜின்களும் 2004-ம் வருட மாற்றமும்

2004 நவம்பரில் அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட், சுருக்கமாக ஏபிஐ, பெட்ரோல் இன்ஜின் ஆயிலுக்கு எஸ்எம் என்ற புதிய வகுப்பைக் கொண்டுவந்தது. அதையொட்டிய வருடங்களில் அமெரிக்காவில் பழைய வி8 கார்களை வீட்டு ஷெட்டில் பிரித்து மறுபடி கட்டுகிறவர்களிடமிருந்து ஒரே மாதிரியான புகார் வந்துகொண்டே இருந்தது. வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டைப் புதிதாகப் போட்டு இன்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் செய்திருப்பார்கள், ஒரு மணி நேரம்கூட ஓடியிருக்காது, வால்வ் பக்கம் தட்டும் சத்தம், ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங். திறந்து பார்த்தால் கேம் லோப், அதாவது அந்தத் தண்டில் இருக்கும் மேடு, ஒன்றோ இரண்டோ மழுங்கி வட்டமாகிவிட்டிருக்கும், லோபின் மேல் உட்காரும் டாப்பெட்டின் அடிப்பாகம் குழிந்திருக்கும், அரைபட்ட இரும்புத் தூள் ஆயிலோடு கலந்து பேரிங் வரைக்கும் போயிருக்கும். அதாவது புதிதாகக் கட்டிய இன்ஜினை மறுபடி முழுசாகப் பிரிக்க வேண்டும்.

ஆயிலில் இருந்து தேய்மானத்தைத் தடுக்கும் ஜிங்க்கை எடுத்துவிட்டார்கள், அதனால்தான் கேம் போகிறது என்ற பேச்சு வேகமாகப் பரவியது. அதற்குக் கிடைத்த பதில், ரேசிங் ஆயில் ஊற்று என்பது. ரேசிங் ஆயிலில் ஜிங்க் குறையவில்லை, அங்கே ஏபிஐ கட்டுப்பாடும் கிடையாது. பதில் பாதி சரி. அந்தப் பாதி எது, எந்த இன்ஜினுக்கு, எந்த ரேசிங் ஆயிலுக்கு என்பதை விட்டுவிட்டு, "பந்தயத்துக்கே தாங்குகிற ஆயில் என் காருக்குத் தாங்காதா" என்ற நம்பிக்கை மட்டும் தனியாகக் கிளம்பி, இந்தப் பிரச்சினையே இல்லாத கார்கள் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஆபீஸுக்குப் போய்வரும் டர்போ ஹேட்ச்பேக்கில் விலை உயர்ந்த ரேஸ் ஆயிலை ஊற்றி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, காரை நேசிக்கிறவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். அதனால் அந்தப் பழைய வழக்கை ஒருமுறை முழுசாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த இன்ஜினில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1955-ல் வந்த ஷெவ்ரோலெ ஸ்மால் பிளாக் முதற்கொண்டு, அந்தக் காலத்து அமெரிக்க வி8-களில் பெரும்பாலானவற்றில் கேம்ஷாஃப்ட் பிளாக்கின் நடுவில் இருக்கும். லோபின் மேல் டாப்பெட் நேராக உட்கார்ந்திருக்கும், அதன் மேல் புஷ்ராட், ராக்கர், வால்வ். டாப்பெட்டின் அடிப்பாகம் பார்வைக்குத் தட்டை, அதனால் ஃபிளாட் டாப்பெட் என்று பெயர், ஆனால் உண்மையில் அது மிக லேசாகக் குவிந்திருக்கும், லோபும் அதே மாதிரி ஒரு பக்கம் மிக லேசாகச் சரிந்திருக்கும். இரண்டும் சேர்ந்து டாப்பெட்டைத் தன் துளைக்குள் சுற்ற வைக்கின்றன. அந்தச் சுழற்சி இருக்கிற வரைக்கும் தேய்மானம் ஓர் இடத்தில் குவியாது, அது நின்றுவிட்டால் லோப் சில நிமிடங்களில் போய்விடும்.

லோபின் மூக்குப் பகுதியில் தொடுகிற இடம் ஒரு மெல்லிய கோடு மாதிரிதான். வால்வ் ஸ்பிரிங்கின் முழு விசையும் அந்தக் கோட்டில் விழுவதால் அங்கே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டும். பேரிங்கில் இருக்கிற மாதிரி பம்ப்பிலிருந்து நேரடியாக அழுத்தத்தோடு வரும் ஆயில் இங்கே இல்லை, கிராங்க் சுற்றும்போது தெறிக்கிற ஆயில்தான் முக்கிய ஆதாரம். ஐடிலில் தெறிப்பது குறைவு. அதனால்தான் புது கேமை முதல் தடவை ஓட்டும்போது ஐடிலில் விடக்கூடாது, ஸ்டார்ட் ஆன உடனே 2000 ஆர்பிஎம்முக்கு மேல் கொண்டுபோய் 20 முதல் 30 நிமிடம், கொஞ்சம் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும் என்று கேம் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். லோபும் டாப்பெட்டும் ஒன்றுக்கொன்று பழகுவது அந்த அரை மணி நேரத்தில்தான்.

இப்படி ஆயில் படலம் நிற்க முடியாத இடத்தில் உலோகத்தைக் காப்பாற்றுவதுதான் இசட்டிடிபி. ஜிங்க், பாஸ்பரஸ், கந்தகம் மூன்றும் சேர்ந்த சேர்மம் அது. 1940-களில் ஆயிலில் சேர்க்க ஆரம்பித்தபோது ஆயில் கெட்டுப்போகாமல் இருக்கவும் பேரிங் அரிக்காமல் இருக்கவும்தான் சேர்த்தார்கள். 1950-களில் வி8-களின் சக்தி ஏற ஏற, ஸ்பிரிங் விசையும் ஏறி, கேம் தேய ஆரம்பித்தபோதுதான் இது தேய்மானத்தையும் தடுக்கிறது என்பது பெரிய விஷயமாயிற்று. உராய்வும் சூடும் சேரும் இடத்தில் இது சிதைந்து, உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற ஒரு பாஸ்பேட் படலமாகப் படிகிறது. இரும்புக்குப் பதில் அந்தப் படலம் தேயும், திரும்பவும் படியும். வேலை செய்வது பாஸ்பரஸ்தான் என்றாலும் எல்லாரும் ஜிங்க் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்த ஜிங்க்குக்கு வந்த எதிரி, புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிடிக் கன்வெர்ட்டர். 1975 மாடல் வருடத்திலிருந்து அமெரிக்கக் கார்களில் அது பரவலாக வந்தது. இன்ஜின் கொஞ்சம் ஆயிலை எரிக்கத்தான் செய்யும், எரிகிற ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் கன்வெர்ட்டருக்குள் போய் பிளாட்டினம், பல்லேடியம் பூசிய பரப்பை மூடிவிடும். கன்வெர்ட்டருக்கு 8 வருடம் அல்லது 80,000 மைல் உத்தரவாதம் தர வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் வந்த பிறகு கார் கம்பெனிகளுக்கு இது பணப் பிரச்சினை ஆயிற்று. அதனால் பாஸ்பரஸுக்கு உச்சவரம்பு படிப்படியாக இறங்கியது. கார் கம்பெனிகள் ஆயிலுக்கு வகுத்த ஜிஎஃப் தரங்களில், 1990-களின் தொடக்கத்தில் ஜிஎஃப்-1-ல் 0.12 சதவீதம், 1996-ல் ஜிஎஃப்-2-ல் 0.10 சதவீதம், 2004-ல் எஸ்எம்மோடு வந்த ஜிஎஃப்-4-ல் 0.08 சதவீதம், அதாவது 800 பிபிஎம் (பத்து லட்சத்தில் 800 பங்கு). பேச்சில் சொன்னதற்கு மாறாக, ஜிங்க்கை யாரும் முழுசாக எடுக்கவில்லை. 600 பிபிஎம்முக்குக் கீழே பாஸ்பரஸ் போகக்கூடாது என்று ஒரு குறைந்தபட்ச அளவும் அதே தரத்தில் இருந்தது.

பலர் கவனிக்காத இன்னொன்று, அந்த 0.08 உச்சவரம்பு எல்லாத் திண்மைக்கும், அதாவது டப்பாவில் எண்ணால் குறிக்கும் எல்லாக் கெட்டித்தன்மை வகைக்கும், பொருந்தாது என்பது. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-20, 0டபிள்யூ-30, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 ஆகிய எரிபொருள் சிக்கன வகைகளுக்கு மட்டும்தான். 10டபிள்யூ-40, 15டபிள்யூ-50, 20டபிள்யூ-50 எல்லாம் அந்த வரம்புக்கு வெளியே. கம்பெனி தானாகக் குறைத்திருந்தால் குறைத்திருக்கும், இல்லாவிட்டால் பழைய அளவே இருக்கும். உதாரணத்துக்கு மொபில் 1-இன் 15டபிள்யூ-50-ல் பாஸ்பரஸ் சுமார் 1200 பிபிஎம், ஜிங்க் சுமார் 1300 என்று அந்தக் கம்பெனியே போட்டிருந்தது. கடையில் சாதாரண தட்டில் கிடைத்த ஆயில்தான் அது, ரேசிங் லேபிள் எதுவும் இல்லை.

சரி, கேம் போனதற்குக் காரணம் ஆயில் மட்டும்தானா? இங்கேதான் வழக்கு சிக்கலாகிறது. ஃபோர்டு 5.0 மஸ்டாங்கில் 1985-லும், ஷெவ்ரோலெ ஸ்மால் பிளாக்கில் 1987-லும் ரோலர் டாப்பெட் வந்துவிட்டது. ரோலர் உருண்டு ஓடும், உரசாது, அதற்கு அவ்வளவு ஜிங்க் தேவையில்லை. கார் கம்பெனிகள் ஃபிளாட் டாப்பெட்டைக் கைவிட்டதும் அதைச் செய்கிற தொழிற்சாலைகளுக்குப் பெரிய ஆர்டர் இல்லாமல் போயிற்று. மீதமிருந்த பழுதுபார்க்கும் சந்தைக்குப் பல இடங்களிலிருந்து டாப்பெட் வர ஆரம்பித்தது, அடிப்பாகத்தின் குவிவு சரியில்லாதது, கடினத்தன்மை குறைந்தது எல்லாம் அதில் கலந்திருந்தது என்று இன்ஜின் கட்டுகிறவர்கள் தொடர்ந்து சொல்லிவந்தார்கள். குவிவு இல்லாத டாப்பெட் சுற்றாது, சுற்றாத டாப்பெட்டை எந்த ஆயிலும் காப்பாற்றாது.

அதே சமயத்தில் கேம் வடிவங்களும் மாறிக்கொண்டிருந்தன. வால்வை வேகமாகவும் உயரமாகவும் திறக்கிற வடிவம் விற்பனையானது, அதற்கேற்ற கடினமான ஸ்பிரிங், சில சமயம் இரட்டை ஸ்பிரிங். இரட்டை ஸ்பிரிங் போட்டவர்கள் பழக்குகிற நேரத்தில் உள் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஓட்ட வேண்டும், பிறகு திரும்பப் போட வேண்டும். இந்த வேலையைச் சோம்பலால் விட்டவர்கள் எத்தனையோ பேர். ஸ்டார்ட் ஆகாமல் பத்து நிமிடம் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றிக்கொண்டே இருந்ததில் லோபில் பூசிய பசை வழித்துப் போன கதையும் உண்டு. இத்தனையும் ஒரே நேரத்தில் நடந்ததால், முன்பெல்லாம் 1000, 1200 பிபிஎம் பாஸ்பரஸ் மன்னித்துவிட்ட தவறுகளை 800 மன்னிக்கவில்லை என்பதுதான் என் கணிப்பு. ஆயில் தனியாக ஒரு நல்ல கேமைக் கொன்றது என்பதைவிட, ஏற்கனவே விளிம்பில் இருந்த கூட்டணியிலிருந்து ஒரு பாதுகாப்பு விலகியது என்பது நடந்ததற்கு நெருக்கமாக இருக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் இதற்குப் பதில் சொன்னது. 2007 வாக்கில், தன் சர்வீஸ் மெக்கானிக்குகளுக்கு அனுப்பும் டெக்லிங்க் இதழில் பாப் ஓல்ரீ என்ற ஆயில் நிபுணர் எழுதிய கட்டுரை அது. புது ஆயில்கள் கேம் தேய்மானத்துக்கான சோதனைகளைத் தாண்டித்தான் சந்தைக்கு வருகின்றன, ஏற்கனவே பழகி ஓடுகிற பழைய இன்ஜினுக்கு அவை போதும், வால்வை அதிக உயரம் திறக்கும் கேமைப் பழக்கும்போது மட்டும் கூடுதல் ஜிங்க் உதவும் என்பது அதன் சாரம். அந்தச் சோதனைகள் பொம்மைச் சோதனைகள் கிடையாது. சீக்வென்ஸ் ஐவிஏ என்ற சோதனை நிசானின் 2.4 லிட்டர் கேஏ24இ இன்ஜினில் 100 மணி நேரம் ஓடியது. சீக்வென்ஸ் மூன்று-ஜி ஜிஎம்மின் 3.8 லிட்டர் வி6-ல், ஆயிலை 150 டிகிரியில் வைத்து 100 மணி நேரம் ஓடியது, சோதனைக்காக அந்த இன்ஜினில் போட்டதே ஃபிளாட் டாப்பெட்தான்.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, ஜிங்க் கூடினாலும் ஆபத்து என்ற பகுதி. பாஸ்பரஸ் 0.14 சதவீதத்துக்குப் போனால் பழக்கும்போது ஏற்படும் சிராய்ப்பு குறையும், ஆனால் நீண்டகாலத் தேய்மானம் கூடும். 0.20-ஐத் தொட்டால் அது இரும்பின் படிகங்களுக்கு நடுவே இருக்கும் எல்லைகளையே தாக்கி, கேமின் மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர ஆரம்பிக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மொபில் 1 ரேசிங் 0டபிள்யூ-30-இன் அளவைப் பாருங்கள், பாஸ்பரஸ் சுமார் 1750 பிபிஎம், ஜிங்க் சுமார் 1850. சதவீதத்தில் சொன்னால் பாஸ்பரஸ் 0.175. ஒரு பந்தயம் ஓடி வடித்துவிடுகிற இன்ஜினுக்கு இது சரியான அளவு. வருடம் முழுக்க இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பிலேயே கிடக்கப் போகிற ஆயிலுக்கு இது வேண்டாத அளவு. அந்த ஆயிலைத் தெருக் கார்களுக்குப் பரிந்துரைக்கவில்லை என்று கம்பெனியே சொல்கிறது.

ஆனால் ரேசிங் என்று பெயர் போட்ட எல்லா ஆயிலும் இப்படி இல்லை, இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பாதிக் குழப்பம். வால்வோலின் கம்பெனியையே எடுத்துக்கொள்ளலாம். விஆர்1 ரேசிங் என்று ஒன்று விற்கிறார்கள், 20டபிள்யூ-50, 10டபிள்யூ-30 இரண்டிலும் வருகிறது, ஜிங்க் 1300, 1400 பிபிஎம் பக்கம், இன்ஜினைச் சுத்தமாக வைக்கும் டிடர்ஜென்ட்டும் சாதாரண ஆயில் மாதிரியே இருக்கிறது. பெயரில்தான் பந்தயம், உள்ளே இருப்பது ஜிங்க் கூட்டிய நல்ல தெரு ஆயில், பழைய கார்க்காரர்கள் பலர் இதற்குத்தான் மாறினார்கள், மாறியது சரி. அதே கம்பெனி நாட் ஸ்ட்ரீட் லீகல் என்ற பெயரோடு இன்னொரு விஆர்1 விற்றது. தெருவில் ஓட்ட இல்லை என்று டப்பாவிலேயே எழுதிய ஆயில், டிடர்ஜென்ட் குறைத்தது, அடிக்கடி வடிக்க வேண்டியது. இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது ரேசிங் என்ற ஒரே சொல்லைப் பார்த்து எடுத்தவர்களுக்கு எது கிடைத்ததோ.

ஜோ கிப்ஸ் ரேசிங் அணியின் கதையும் இங்கே பொருந்தும். அமெரிக்காவின் நாஸ்கார் கப் கார் பந்தயத்தில் 2014 வரைக்கும் ஃபிளாட் டாப்பெட்தான் விதி. 9000 ஆர்பிஎம் பக்கம் சுற்றுகிற இன்ஜினில் ஃபிளாட் டாப்பெட்டைக் காப்பாற்ற அந்த அணி தனக்கென்று ஆயில் உருவாக்கி, பிறகு அதை டிரிவன் என்ற பெயரில் வெளியேயும் விற்றது. அவர்கள் புது இன்ஜினைப் பழக்க ஓர் ஆயில், பந்தயத்துக்கு வேறோர் ஆயில், பழைய தெருக் கார்களுக்கு இன்னோர் ஆயில் என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். பந்தயம் ஓடுகிறவர்களே பந்தய ஆயிலைத் தெருக் காருக்குக் கொடுக்கவில்லை. எனக்கு இந்த வழக்கில் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

ஏன் அப்படி என்றால், ஆயில் செய்ய வேண்டிய வேலையே வேறு. பந்தய இன்ஜின் சூடாகி, சூடாகவே ஓடி, சூடாகவே நிற்கும். ஃபார்முலா 1 மாதிரி இடங்களில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே வெளியிலிருந்து ஆயிலையும் தண்ணீரையும் சூடாக்கிச் சுற்றவிடுவார்கள். ஓடி முடித்ததும் ஆயிலை வடித்து, சில சமயம் இன்ஜினையே பிரித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஆயிலுக்கு மூன்று மாதம் கழித்து அமிலத்தை முறிக்கும் சக்தி மிச்சம் இருக்கிறதா என்ற கேள்வியே எழாது.

வீட்டுக் காரில் நிலைமை தலைகீழ். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது, பெரும்பகுதி சைலன்சர் வழியாக ஆவியாகப் போய்விடும், கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே சம்ப்புக்கு வரும். கூடவே எரியாத பெட்ரோல், புகைக்கரி, நைட்ரிக் அமில வகைகள். ஆயில் 100 டிகிரி பக்கம் போய் அரை மணி நேரம் ஓடினால் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும். பள்ளியில் பிள்ளையை இறக்கிவிட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு, நான்கு கிலோமீட்டரில் வீடு திரும்புகிற காரில் ஆயில் அவ்வளவு சூடாவதே இல்லை. எல்லாம் உள்ளேயே தங்கும். இதைச் சமாளிக்கத்தான் தெரு ஆயிலில் கால்சியம், மெக்னீசியம் டிடர்ஜென்ட்டும், கரியைத் திரளவிடாமல் மிதக்க வைக்கிற டிஸ்பெர்சன்ட்டும், துரு தடுப்பானும் நிறையச் சேர்க்கிறார்கள். அமிலத்தை முறிக்கும் கையிருப்பை டிபிஎன் என்று அளப்பார்கள், நல்ல தெரு ஆயிலில் அது 7-லிருந்து 10 வரை இருக்கும். அசல் பந்தய ஆயிலில் டிடர்ஜென்ட்டை வேண்டுமென்றே குறைப்பார்கள், ஏனென்றால் டிடர்ஜென்ட்டும் உலோகப் பரப்பில் இடம்பிடிக்கப் போட்டியிடும், இசட்டிடிபிக்கு இடம் குறையும். அப்படி டிடர்ஜென்ட் குறைந்த ஆயிலை ஊற்றி 10,000 கிலோமீட்டர் ஓட்டினால், கேம் நன்றாக இருக்கும், ரிங் பள்ளத்தில் கரி ஒட்டும், வால்வ் கவருக்குள் கறுப்புக் கூழ் சேரும், பேரிங்கில் அமிலம் வேலை காட்டும். ஒரே நாளில் எதுவும் தெரியாது, அதுதான் இதில் மோசம். கார் மென்மையாக ஓடுகிற மாதிரியே இருக்கும்.

2004-க்குப் பிறகு பழைய கார்க்காரர்கள் டீசல் லாரி ஆயிலையும் ஊற்றினார்கள், குறிப்பாக ஷெல் ரோட்டெல்லா. பழைய சிஐ-4 வகுப்பு டீசல் ஆயிலில் ஜிங்க் அதிகம், டிடர்ஜென்ட்டும் அதிகம், விலை குறைவு. புத்திசாலித்தனமான தேர்வுதான். 2006-ல் சிஜே-4 வந்து டீசல் ஆயிலிலும் பாஸ்பரஸை 0.12 சதவீதத்தில் நிறுத்தியது, டீசல் புகை வடிகட்டிக்காக. அதற்கப்புறம் இந்த வழியின் கவர்ச்சி குறைந்தது. ஜிஎம் விற்ற இஓஎஸ் என்ற ஜிங்க் கலவையை ஆயிலோடு சேர்த்துப் பழக்குவது, கேம் கம்பெனிகளே விற்ற பழக்கும் ஆயில் இரண்டும்தான் கடைசியில் நிலைத்த வழிகள். முதல் அரை மணி நேரத்துக்கு அதிக ஜிங்க், பிறகு வடித்துவிட்டு மிதமான ஜிங்க் உள்ள தெரு ஆயில். இந்த வழக்கில் தீர்வு இதுதான். இதற்குள் ரேஸ் ஆயிலுக்கு இருக்கும் இடம் எவ்வளவு சின்னது என்று பாருங்கள்.

இனி, இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் தங்கள் புதுக் காருக்கும் ரேஸ் ஆயில் வாங்கியவர்களைப் பற்றி. 1990-களுக்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் ரோலர் ராக்கரோ, லேசான ஸ்பிரிங்கோடு நேரடி பக்கெட்டோதான் இருக்கிறது. அவை குறைந்த பாஸ்பரஸ் ஆயிலை வைத்தே வடிவமைக்கப்பட்டவை, கூடுதல் ஜிங்க் தீர்த்துவைக்க அங்கே நோயே இல்லை. கெடுதல் இருக்கிறதா என்றால், கன்வெர்ட்டர் பற்றி மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. ஆயில் குடிக்காத நல்ல இன்ஜினில் ரேஸ் ஆயில் கன்வெர்ட்டரை உடனே கொன்றுவிடாது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டரோ அதற்கு மேலோ குடிக்கிற இன்ஜினில் இரட்டிப்பு பாஸ்பரஸ் இரட்டிப்பாகத்தான் போய்ச் சேரும், அங்கே கணக்குப் பார்க்க வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை வேறு இரண்டு. ஒன்று, டர்போவும் டைரக்ட் இன்ஜெக்‌ஷனும் சேர்ந்த சின்ன இன்ஜின்களில் வருகிற எல்எஸ்பிஐ. குறைந்த வேகத்தில், கியரை மாற்றாமல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது, ஸ்பார்க்குக்கு முன்பே கலவை வெடித்து பிஸ்டனையே உடைக்கக்கூடியது. சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கிற ஆயில் துளிக்கு இதில் பங்கு உண்டு, கால்சியம் டிடர்ஜென்ட் அதைக் கூட்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். 2018-ல் எஸ்என் பிளஸ், 2020-ல் எஸ்பி என்று வந்த வகுப்புகளில் இதற்கென்றே ஃபோர்டு 2.0 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினில் ஒரு சோதனை சேர்த்தார்கள். ரேஸ் ஆயில் டப்பாவில் எஸ்பி என்று இல்லை என்றால் அந்தச் சோதனையை அது தாண்டியதாக யாரும் உங்களுக்கு உறுதி தரவில்லை. நன்றாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் பிஸ்டனில்தான் அதைச் சோதிக்கப் போகிறீர்கள்.

இன்னொன்று திண்மை. 0டபிள்யூ-16 போடச் சொல்கிற மாருதி இன்ஜினில் 10டபிள்யூ-60 ஊற்றியதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 150 டிகிரியில் கடும் வெட்டு விசையில் அளக்கும்போது 16 வகை ஆயிலின் கெட்டித்தன்மை குறைந்தது 2.3 மில்லிபாஸ்கல்-செகண்ட், 60 வகைக்குக் குறைந்தது 3.7 இருக்க வேண்டும். சூடான நிலையிலேயே அத்தனை வித்தியாசம், காலையில் குளிர்ந்த இன்ஜினில் அது இன்னும் பல மடங்கு. பம்ப் திணறி, அழுத்தம் ஏறி, ரிலீஃப் வால்வ் திறந்து, ஆயில் சம்ப்புக்கே திரும்பும், டாப்பெட் பக்கம் போய்ச்சேரத் தாமதமாகும். வால்வ் டைமிங்கை ஆயில் அழுத்தத்தால் நகர்த்துகிற பாகங்கள் மெல்லிய ஆயிலுக்காகத் துளையிடப்பட்டவை. மைலேஜும் குறையும். இத்தனைக்கும் ரேஸ் ஆயில் என்றாலே கெட்டியானது என்பதும் தப்பு, மேலே சொன்ன மொபில் ரேசிங் 0டபிள்யூ-30-தான்.

பிஎம்டபிள்யூ மட்டும் 10டபிள்யூ-60 போடச் சொல்லவில்லையா என்று உடனே கேட்பார்கள். சொன்னது. இ46 எம்3-இன் எஸ்54 இன்ஜினுக்கு காஸ்ட்ராலின் டிடபிள்யூஎஸ் 10டபிள்யூ-60 கம்பெனியே குறித்துக்கொடுத்தது, மோட்டார்ஸ்போர்ட் என்றும் அதன் லேபிளில் இருந்தது. 8000 ஆர்பிஎம் பக்கம் சுற்றும் 3.2 லிட்டர் ஆறு சிலிண்டர், கனெக்டிங் ராட் பேரிங்கில் பிரச்சினை வந்த இன்ஜின் அது. அந்தப் பேரிங்கின் இடைவெளிக்கும் அந்த வேகத்துக்கும் கணக்குப் போட்டு, முழு டிடர்ஜென்ட்டோடு, தெருவில் நீண்டகாலம் ஓடுவதற்கென்றே தேர்ந்தெடுத்த ஆயில். இன்ஜின் கட்டியவர் கணக்குப் போட்டுச் சொல்வதும், கடைக்காரர் டப்பாவின் படத்தைக் காட்டிச் சொல்வதும் ஒன்றாகாது.

நம் ஊரில் இந்த வழக்குக்கு நேரடித் தொடர்பு உள்ளவர்கள் பழைய அம்பாசடரும் ஃபியட் பத்மினியும் வைத்திருப்பவர்கள். அம்பாசடரின் 1.5 லிட்டர் பிஎம்சி பி-சீரீஸ் இன்ஜினிலும், பத்மினியின் 1100 சிசி இன்ஜினிலும் புஷ்ராடுக்குக் கீழே இருப்பது அதே ஃபிளாட் டாப்பெட். அமெரிக்க வி8-ஐவிட ஸ்பிரிங் மிகவும் மென்மையானது, அதனால் கேம் கொத்தாகப் போகிற ஆபத்து குறைவு. அதோடு இந்தக் கார்களுக்கு நம் மெக்கானிக்குகள் காலம் காலமாக ஊற்றுவது 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50. முன்னால் சொன்னபடி அந்தத் திண்மைகளுக்கு 0.08 வரம்பு கிடையாது. எனவே ஓடிக்கொண்டிருக்கிற பத்மினிக்கு இறக்குமதி ரேஸ் ஆயில் தேடி அலைய வேண்டியதில்லை. வாங்கப் போகிற 20டபிள்யூ-50-இன் தகவல் தாளில் பாஸ்பரஸ் 1000-லிருந்து 1200 பிபிஎம்முக்குள் இருக்கிறதா என்று கம்பெனி தளத்தில் பார்த்தால் போதும். அந்த எண்ணைப் போடாத கம்பெனிகளும் உண்டு, அப்போது கஸ்டமர் கேருக்கு எழுதிக் கேட்கலாம்.

கேமை மாற்றி ஓவர்ஹால் செய்கிறீர்கள் என்றால் கதை வேறு. புது டாப்பெட்டை வாங்கியதும் இரண்டு டாப்பெட்டின் அடிப்பாகத்தை ஒன்றோடொன்று வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், குவிவு இருந்தால் ஓரத்தில் மெல்லிய இடைவெளி தெரியும், நடுவில் மட்டும் தொட்டு லேசாக ஆடும். தட்டையாக ஒட்டிக்கொண்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய கேமில் புது டாப்பெட் போடலாம், புது கேமில் பழைய டாப்பெட் போடவே கூடாது. லோபிலும் டாப்பெட் முகத்திலும் மாலிப்டினம் பசை தடவி, ஆயில் பம்ப்பைக் கையால் சுற்ற முடிந்தால் சுற்றி, கார்புரேட்டரில் பெட்ரோல் நிரப்பி, டைமிங் சரியாக வைத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும், முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்கிற மாதிரி. பிடித்ததும் 2000-க்கு மேல், அரை மணி நேரம். அந்த அரை மணிக்கு மட்டும் பழக்கும் ஆயிலோ ஜிங்க் கூடுதலான விஆர்1 மாதிரி ஆயிலோ ஊற்றுங்கள், கிடைத்தால் நல்லது. சூடாக இருக்கும்போதே வடித்து, ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளில் இரும்புத் தூள் மின்னுகிறதா என்று காந்தத்தை வைத்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் வழக்கமான 20டபிள்யூ-50-ஐ நிரப்பி, 500 கிலோமீட்டரில் இன்னொரு தடவை ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, டாப்பெட் இடைவெளியை அளந்துவிடுங்கள். எட்டில் ஏதாவது ஒன்றில் மட்டும் இடைவெளி கூடிக்கொண்டே போனால் அந்த லோப் தேய்கிறது, ஆயில் மாற்றிப் பயனில்லை, கேமை வெளியே எடுக்க வேண்டும்.